கண்ணாடி அறையில் நீ அமுக்கிய பொத்தான்

உனக்குப் பிடிக்காத பேச்சை நான் எடுத்தால் நீ போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுகிறாய். என் வாய் உனக்குத் தெரியாவிட்டால் என் பேச்சும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலிலும் அதைத்தான் செய்தாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உனக்குத் தெலுங்குதான் வேகமாக ஓடும், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். நான் திருத்தணிப் பக்கத்தில் பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு ஆந்திராவில் இந்த நகரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், எனக்கு எழுத வருவது இதுதான். மெதுவாகப் படி. உன் ரூமில் இருக்கிற புத்தூர்ப் பையன் லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறான், இன்று ராத்திரி ரூமுக்குத் திரும்புகிறான், நானே புத்தூர் போய் அவன் கையில் கொடுக்கிறேன். வழியில் அவன் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். இதில் இருப்பதை இனிமேல் ஊரில் யாரிடமும் நான் மறைக்கப் போவதில்லை.

விஷயம் இதுதான். வருகிற வியாழக்கிழமை திருப்பதி ஆஸ்பத்திரியில் உனக்கு மறுபடியும் காது டெஸ்ட். சித்தூரில் எழுதிக் கொடுத்த பர்சென்டேஜ் தப்பு என்று நான் அப்பீல் போட்டு வாங்கிய நாள் அது. உன்னைக் கேட்காமல்தான் போட்டேன். நீ வர மாட்டேன் என்கிறாய். வரவில்லை என்றால் உனக்கு நன்றாகக் காது கேட்கிறது என்று கவர்மெண்ட் எழுதியதே நிலைத்துவிடும். உனக்கு அதுதான் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஏன் வேண்டாம் என்று நான் சொல்வதை ஒரு தடவை முழுசாகப் படித்துவிட்டு, அப்புறம் கோபித்துக்கொள்.

உனக்கு நினைவு தெரிவதற்கு முன்னால் நடந்ததிலிருந்து சொல்கிறேன். அப்போது நானும் உன் நைனாவும் ஒரே பவர்லூம் ஷெட்டில் தறி ஓட்டினோம். உன்னை ஷெட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் தூளி கட்டிப் போட்டிருப்பேன். தறி ஓடுகிறபோது அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் வாயசைவும் கையசைவும்தான் பேச்சு. நூல் அறுந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. வம்பு பேசுவதற்கும் உண்டு. வெளியூர்ப் பெண் என்பதால் எனக்கு அது பிடிபட ஒரு வருஷமாயிற்று. நீயோ நடக்கப் பழகும்போதே அதையும் பழகிவிட்டாய். ஷெட்டின் அந்தக் கோடியில் நின்று நான் உதட்டை அசைத்தால் இந்தக் கோடியிலிருந்து ஓடி வருவாய். "பையன் கெட்டிக்காரன்" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். யாருக்கும் காது கேட்காத இடத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, சொல். உனக்குப் பேச்சு தாமதமாக வந்தபோதுகூட, இந்தச் சத்தத்தில் வளர்கிற பிள்ளை அப்படித்தான் என்றார்கள். நானும் நம்பினேன்.

ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. தறி எல்லாம் ஒரேயடியாக நின்றது. கரண்ட் போனால் ஷெட்டில் எல்லோரும் ஒரு நிமிஷம் அப்படியே இருப்பார்கள், காது திறக்கிற மாதிரி இருக்கும். வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். மற்ற பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு ஓடின. நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலி நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அப்புறம் கத்தினேன். ஷெட்டே என்னைத் திரும்பிப் பார்த்தது, நீ மட்டும் பார்க்கவில்லை. கரண்ட் திரும்பி வந்தது, எல்லோரும் வேலைக்குப் போனார்கள், நான் மட்டும் உன்னை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்று இந்தக் கடிதம் வரைக்கும் வந்து நிற்கிறது. "செவுடு" என்ற பேர் உனக்கு வந்துவிடக்கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். வெளிச்சம் எதிராளி முகத்தில் விழுகிற மாதிரி உட்கார், கூட்டத்தில் நீயே பேச்சைத் தொடங்கு, புரியாவிட்டால் சிரி, எல்லோரும் திரும்பினால் நீயும் திரும்பு. எத்தனை பாடம். ஸ்கூலில் முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லி, கண் சரியில்லை என்று டீச்சரிடம் பொய் சொன்னேன். காது என்று சொல்ல வாய் வரவில்லை. உன் நைனா அப்போதே, "உள்ளத சொல்லிட்டுப் போயேன்டி" என்றார். நான் கேட்கவில்லை. நீ தெலுங்கையும் உதட்டிலேயே படித்து இன்டர் பாஸ் பண்ணினாய். கல்யாண வீட்டில் உன்னோடு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனவர்களுக்குக்கூடத் தெரியாது. எனக்கு அதில் பெருமைதான். இப்போதும் அந்தப் பெருமை முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

ஆனால் காது கேட்காது என்கிற சர்டிபிகேட் மட்டும் வாங்கி வைத்திருந்தோம். உன் சின்ன வயதில் சித்தூர் கேம்ப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், ஊரில் யாருக்கும் தெரியாமல் வாங்கியது. குறை நாற்பது பர்சென்ட் இருந்தால் பென்ஷன் உண்டு, உனக்கு அதற்கு மேலே நிறையவே எழுதினார்கள். கூடவே கொடுத்த காது மெஷினை நீ பாக்கெட்டிலேயே வைத்திருந்தாய். போட்டுக்கொண்டால் இரைச்சல்தான் வருகிறது, பேச்சு வரவில்லை என்றாய். மாதம் பிறந்தால் கவர்மெண்ட் சச்சிவாலய ஆபீஸில் வேலை செய்கிற பெண் வீட்டுக்கு வந்து பென்ஷன் கொடுத்துவிட்டுப் போவாள். யாராவது கேட்டால் உன் நைனாவின் காலுக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். பாவம் அந்த மனிதர், அந்தப் பெண் வரும்போதெல்லாம் வாசலில் கொஞ்சம் நொண்டிக் காட்டுவார். நீயும் நானும் உள்ளே வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

இந்த வருஷம் அந்தப் பெண்ணே நோட்டீஸ் கொண்டு வந்தாள். "எல்லாருக்கும் திரும்ப செக் பண்றாங்க அக்கா, சித்தூர் போய் காமிச்சிட்டு வந்துடுங்க" என்றாள். பொய்யாக வாங்குகிறவர்களைப் பிடிக்கிறார்களாம். நமக்கென்ன பயம் என்றுதான் நான் கிளம்பினேன். பஸ்ஸில் போகும்போதுதான் எனக்குத் திக்கென்றது. உன்னைப் பார்த்தால் யார் நம்புவார்கள்? அங்கேயே உன் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துச் சொன்னேன்.

"டாக்டர் வாயப் பாக்காத. கீழ பாத்துக்கினு இரு."

"இன்னாத்துக்கு?"

"பாத்தா நீ பதில் சொல்லிடுவ. கேக்குதுன்னு எழுதிடுவாங்க."

"நடிக்கச் சொல்றியாம்மா?"

"இவ்ளோ நாளா நடிச்சத நிறுத்தச் சொல்றேன்."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். சித்தூர் வரும்வரை என்னைப் பார்க்கவில்லை. நான் சொன்னது உனக்கு எங்கே வலித்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒரே வித்தையை நடிப்பு என்று பெற்றவளே சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது.

ஆஸ்பத்திரியில் கூட்டம் வராண்டா முழுக்க நின்றது. வரிசையில் நமக்கு முன்னால் ஒருவர் தன் மகளுக்கு எப்படி உட்கார வேண்டும், எப்படி விழிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. டாக்டர் நல்ல மனிதர்தான், எரிந்து விழவில்லை. பேர் என்ன, ஊர் என்ன, என்ன படித்தாய், என்ன வேலை பார்க்கிறாய் என்று தெலுங்கில் கேட்டார். எந்த ஆபீஸுக்குப் போனாலும் கேட்கிற அதே கேள்விகள், நீ தூக்கத்தில்கூடச் சொல்லுவாய். நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்து, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாய். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருஷமாக இந்த அம்மா கவர்மெண்டை ஏமாற்றியிருக்கிறாள் என்கிற பார்வை.

சரி, மெஷின் உண்மையைச் சொல்லிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சத்தம் புகாத அந்தச் சின்ன அறையில் உன்னை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்கு, இல்லாவிட்டால் சும்மா இரு என்றார்கள். வெளியே மெஷினைத் திருகுகிற பெண்ணுக்கும் உனக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. நான் கதவோரம் நின்றிருந்தேன். அவள் மெஷினை அமுக்கும்போதெல்லாம் அவள் தோள் ஒரு துளி இறங்கும். நீ அவள் தோளைப் பார்த்தாய். தோள் இறங்கியது, நீ பொத்தானை அமுக்கினாய். மறுபடியும் இறங்கியது, அமுக்கினாய். அவள் தலை குனிந்து பேனாவால் குறித்துக்கொண்டே போனாள். ஷெட்டில் வளர்ந்த கண்ணிடம் யாரால் எதை மறைக்க முடியும்? ஒரு சத்தமும் கேட்காமலேயே நீ அந்தப் பரீட்சையைப் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தாய். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. என் பிள்ளை இவர்களையும் ஜெயிக்கிறான் என்று நெஞ்சு நிமிர்ந்தது. நாம் எதற்கு அங்கே வந்தோம் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

நீ வெளியே வந்ததும் உன்னையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடிப் போய், "சார், அவன் அந்தப் பொண்ணு தோளப் பாத்து அமுக்கறான் சார்" என்றேன். எனக்கு வந்த அரைகுறைத் தெலுங்கில்தான். அவர், "எல்லாரும் இங்க ஏதோ ஒண்ணு சொல்றாங்கம்மா. அவரே அமுக்கியிருக்கார். நான் மாத்தி எழுத முடியுமா? அப்பீல் போடுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் உன்னைப் பார்த்து, நீயே சொல்லுடா என்று கையைக் காட்டினேன். நீ அவர் வாயைப் பார்த்தாய். கேட்குதா என்று அவர் கேட்டதற்கு, கேட்குது சார் என்றாய்.

நாற்பதுக்கு ரொம்பக் கீழே எழுதிய காகிதம் சில நாளில் வீட்டுக்கு வந்தது. பென்ஷன் நின்றது. அந்தப் பணம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன், நம் வீட்டு அரிசி பருப்பு அதில்தான் வந்தது. ஆனால் உன் முகத்தைப் பார்த்துத்தான் நான் பயந்து போனேன். அந்தக் காகிதத்தை உன் நைனாவிடம் நீட்டி, "கவர்மெண்டே சொல்லிடுச்சு பாத்தியா" என்று சிரித்தாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று அவர் நினைத்தார். எனக்குத் தெரியும், அது விளையாட்டு இல்லை. சின்ன வயதிலிருந்து நான் உனக்கு வைத்த பரீட்சையில் பெரிய ஆபீசரே மார்க் போட்டுவிட்டார் என்கிற சந்தோஷம் அது. அடுத்த வாரமே ஸ்ரீ சிட்டி பேக்டரி ஏரியாவுக்குப் போய், குடோனில் சரக்கு அடுக்குகிற வேலையில் காண்ட்ராக்டர் மூலமாகச் சேர்ந்தாய். காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஆசப்பட்டுப் போறான், வுடு" என்றார் உன் நைனா. தறிச் சத்தத்தில் அவருக்கே இப்போது பாதிக் காதுதான், அவரிடம் நான் என்ன வாதாடுவது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ ரூமில் கட்டில்மேல் உட்கார்ந்து என்னோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாய். பிரியாணி துன்னேன் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். உன் பின்னால் அந்தப் புத்தூர்ப் பையன் துணி மடித்துக்கொண்டிருந்தான். அவன் அங்கிருந்தே என்னைப் பார்த்துச் சொன்னான், "அம்மா, இவனுக்கு நீங்களாச்சும் சொல்லுங்க. நேத்து சரக்கு தூக்கற போர்க்லிப்ட் வண்டி ரிவர்ஸ்ல வந்துக்கினு கீது, ஆரன் அடிச்சிக்கினே வருது, இவன் பாட்டுக்கு முதுகக் காட்டிக்கினு நிக்கறான். நான் சட்டையப் புடிச்சி இழுத்தேன். இன்னாத்த யோசிச்சிக்கினு நிப்பானோ தெரில." அவன் இதையெல்லாம் சொல்லி முடிக்கிறவரை நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேயிருந்தாய். உன் முதுகுக்குப் பின்னால் உன் சாவைப் பற்றி ஒருத்தன் பேசுகிறான், உனக்குத் தெரியவில்லை. என் முகம் மாறியதைப் பார்த்துத்தான் இன்னாம்மா என்றாய். நான் கேட்டேன். நீ போனைக் கவிழ்த்தாய்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தறியில் நின்றால் அந்த வண்டிதான் கண்ணில் வருகிறது. நான் கற்றுக் கொடுத்த அத்தனையும் முன்னால் நிற்கிறவர்களைச் சமாளிக்கத்தான் உதவும். பின்னால் வருகிற வண்டிக்கு உதடு கிடையாது. அதன் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி உட்கார்ந்து உன்னால் தப்பிக்க முடியாது. இதை நான் ஏன் முன்னாலேயே யோசிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை டெஸ்ட் வேறு மாதிரி. பெரா டெஸ்ட் என்கிறார்கள். பொத்தான் கிடையாது, கேள்வி கிடையாது. தலையில் நாலைந்து ஒயர் ஒட்டிப் படுக்க வைப்பார்கள். சத்தத்தை அவர்கள் அனுப்புவார்கள், அது உன் மூளைக்குப் போகிறதா என்று கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். தூங்கினால் இன்னும் நல்லதாம். நான் போய் ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு வந்தேன். யாரையும் பார்க்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், யாரையும் ஜெயிக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் போதும். உன் வாழ்க்கையில் இப்படி ஒரு மணி நேரம் உனக்குக் கிடைத்திருக்குமா என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் காகிதம் கையில் இருந்தால் பென்ஷன் மட்டும் இல்லை. நீ இருக்கிற அதே ஸ்ரீ சிட்டியில், உட்கார்ந்த இடத்தில் சாமானைச் சரிபார்க்கிற வேலைக்குக் காது கேட்காத பிள்ளைகளை எடுக்கிற கம்பெனி இருக்கிறது. அங்கே சைரனுக்குப் பதில் விளக்கு எரியுமாம். உன் கண்ணுக்கு அந்த வேலை ஒன்றுமே இல்லை. ஆனால் சர்டிபிகேட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். உதவி வாங்குவது பிச்சை என்று நீ நினைக்கிறாய். அந்த நினைப்பும் என் வீட்டில்தான் உனக்கு வந்தது. அது பிச்சை இல்லையடா. உனக்கு இல்லாத ஒன்று இல்லை என்று எழுதிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நேற்று அந்தப் புத்தூர்ப் பையனிடம் உன் சூப்பர்வைசர் நம்பரை வாங்கினேன். எதற்கு என்று அவனுக்குச் சொல்லவில்லை, அவனைத் திட்டாதே. ஷெட்டை விட்டு வெளியே வந்து, ரோட்டோரம் நின்று போன் பண்ணி உன் பேரைச் சொன்னேன். "என் பையனுக்குக் காது கேக்காதுங்க" என்றேன். அவர், "யாரு, அவனா? நல்லா பேசறானேம்மா" என்றார். "பேசுவான் சார். துளி கூட கேக்காது. வண்டி போற எடத்துல நிக்க வெக்காதீங்க" என்றேன். அப்புறம், "திங்கக்கிழமலேந்து உள்ள வுட முடியாதும்மா. சர்டிபிகேட் இருந்தா எடுத்துக்கினு வரச் சொல்லுங்க, வேற எதுனா பாக்கலாம்" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பக்கத்துக் கடைக்காரர், அவர் மனைவி, தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கத்தித்தான் பேசியிருக்கிறேன். தறிக்காரி வேறு எப்படிப் பேசுவாள்.

ஆக, நாளை திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போனால் கேட்டிலேயே உன்னை நிறுத்துவார்கள். யார் சொன்னது என்று தேடாதே, நான்தான். உன் வேலையைக் கெடுத்தவள் நான். நீ கட்டிக் காத்த பேரைக் கெடுத்தவளும் நான். வருஷக்கணக்கில் நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன், பேசாமல் இருக்க நீ இருப்பாய் இல்லையா. வியாழக்கிழமை காலை சத்தியவேடு வழியாக வருகிற பஸ்ஸைப் பிடித்துத் திருப்பதிக்கு வா. பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். நீ என் முகத்தைப் பார்க்கவே வேண்டாம், ஆஸ்பத்திரி வரைக்கும் எனக்கு முன்னால் நட. பின்னால் வருகிற வண்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா